ஓரத்துச் சிப்பாய் ஓடி வந்தால்

கடலூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை செஸ் போட்டி என்றால் இரண்டு ஆட்டம் நடக்கும். உள்ளே பிள்ளைகள் பலகையில் ஆடுவார்கள். வெளியே வேப்பமரத்தடியில், பைக் சீட்டில் சாய்ந்தபடி பெற்றோர் வாயால் ஆடுவார்கள். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்ததும், 2024 டிசம்பரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனதும் இந்த இரண்டாவது ஆட்டத்துக்குக் கூட்டம் சேர்த்துவிட்டன.

அந்த மரத்தடியில் நான் அடிக்கடி கேட்கும் உரையாடல் இது. "எதிர்ல இருந்த பையன் ஆறாவது மூவ்லயே ஓரத்துச் சிப்பாய உட்டான் சார், நம்ம புள்ள மெரண்டுட்டான்." அதற்கு உடனே பதில் வரும்: "ஓரத்துல அடிச்சா நடுவுல அடிக்கணும் சார். கோச்சு சொல்லிக் குடுக்கலையா?"

பதில் சரிதான், ஆனால் பாதிதான் சரி. ஏன் நடுவில் அடிக்க வேண்டும், எப்போது அடிக்கக் கூடாது என்ற மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. என் அக்கா மகன் அந்தப் பாதி தெரியாமல்தான் போன மாதம் அழுதுகொண்டே வெளியே வந்தான். அவனுக்காக மொட்டை மாடியில் பலகை போட்டு விளக்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன். காய்கள் எப்படி நகரும் என்று தெரிந்தால் போதும்.

முதலில் பெயர்கள்

பலகையில் இடமிருந்து வலமாக எட்டு வரிசைகள்: ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை. இ4 என்றால் இ வரிசையில் நாலாவது கட்டம். வெள்ளை கீழே, கறுப்பு மேலே.

காய்களின் பெயரில்தான் வீட்டுக்கு வீடு சண்டை. மந்திரி என்று ஒருவர் ராணியைச் சொல்வார், இன்னொருவர் பிஷப்பைச் சொல்வார். வம்பே வேண்டாம். ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய் என்றே வைத்துக்கொள்வோம்.

டி4, இ4, டி5, இ5 ஆகிய நாலு கட்டங்கள்தான் மையம். ஏ, பி வரிசைகள் ஒரு ஓரம். ஜி, எச் வரிசைகள் மறு ஓரம். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, மற்ற காய்கள் முழுசாக வெளியே வருமுன், இந்த ஓரத்துச் சிப்பாய்களை எதிராளியின் பக்கம் விரட்டுவதுதான் ஓரத்தாக்குதல்.

நேரு வீதி முனையும் கடற்கரைச் சாலையும்

புதுச்சேரியில் நேரு வீதியும் மிஷன் வீதியும் வெட்டிக்கொள்ளும் முனையில் நில்லுங்கள். நாலு திசையும் திறந்திருக்கும். கடற்கரைச் சாலைக்குப் போய் நில்லுங்கள். காற்று நன்றாக வரும், ஆனால் கிழக்கே போக முடியாது. அங்கே கடல். பாதி ஊர் கைவிட்டுப் போச்சு.

பலகையின் ஓரமும் அப்படித்தான். மையத்தில் நிற்கும் குதிரைக்கு எட்டு கட்டங்கள் உண்டு. ஓர வரிசைக்குப் போனால் அதிகபட்சம் நாலு, மூலையில் வெறும் இரண்டு. காலிப் பலகையில் மையத்தில் நிற்கும் பிஷப்புக்கு 13 கட்டங்கள், ஓரத்தில் 7. யானைக்கு மட்டும் எங்கே நின்றாலும் 14.

மையத்தைப் பிடித்தவன் எந்தப் பக்கத்துக்கும் ஆளனுப்பலாம். ஓரத்தில் நிற்பவன் மறு ஓரத்துக்குப் போக வேண்டுமென்றால் மையத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வழி எதிராளியின் கையில் இருந்தால் சுற்றுவழிதான்.

டெம்போ: ஏறினால் உண்டு, விட்டால் இல்லை

செஸ்ஸில் ஒரு முறை காய் நகர்த்தும் வாய்ப்புக்கு டெம்போ என்று பெயர். பாண்டிச்சேரிக்காரர்களுக்கு டெம்போ என்றால் ஆள் சேர்ந்ததும் கிளம்பும் ஷேர் வண்டி. குழப்பம் வேண்டாம், ஆனால் ஒப்பீடு பொருந்தும். வண்டி போய்விட்டால் போனதுதான். ஓரத்துச் சிப்பாய்க்குச் செலவழித்த டெம்போ, குதிரைக்கும் பிஷப்புக்கும் கிடைக்காமல் போன டெம்போ.

ஒரு கணக்குப் பாருங்கள். வெள்ளை முதல் ஆட்டமாக எச்4, கறுப்பு இ5. வெள்ளை எச்5, கறுப்பு டி5. வெள்ளை எச்6, கறுப்பு குதிரையால் அந்தச் சிப்பாயை வெட்டுகிறது. மூன்று வாய்ப்பு போயிற்று. வெள்ளையிடம் ஒரு சிப்பாய் குறைவு, வெளியே வந்த காய் ஒன்றுமில்லை. கறுப்புக்கு மையத்தில் இரண்டு சிப்பாய்கள், வெளியே ஒரு குதிரை. கோபத்தில் வெள்ளை யானையால் அந்தக் குதிரையை வெட்டினால் ஜி7 சிப்பாய் யானையை வாங்கிக்கொள்ளும்.

யானையை ஓரத்து வழியாக வெளியே கொண்டுவர ஆசைப்படுகிறவர்களும் உண்டு. எச்4 ஆடிவிட்டு அடுத்து யானையை எச்3-க்கு ஏற்றுவார்கள். கறுப்பு முதல் ஆட்டத்தில் டி5 வைத்திருந்தால், சி8-இல் இருக்கும் பிஷப்புக்கு எச்3 வரை வழி திறந்திருக்கும். நகர்ந்த யானை அங்கேயே சாப்பாடு.

இரண்டாவது செலவு இதைவிடப் பெரியது. சிப்பாய் பின்னால் வராது. குதிரை தப்பாகப் போனால் திரும்பி வரலாம். சிப்பாய் போன இடம் போனதுதான், விட்டுவந்த கட்டம் ஓட்டைதான். இதன் உச்சம், செஸ்ஸிலேயே சிறிய ஆட்டம்: வெள்ளை எஃப்3, கறுப்பு இ5, வெள்ளை ஜி4, கறுப்பு ராணி எச்4. செக்மேட். இரண்டே நகர்வு. ஜி சிப்பாயும் எஃப் சிப்பாயும் வீட்டில் இருந்திருந்தால் இது நடக்காது.

ஆக, ஓரத்தாக்குதல் நடத்துபவன் இரண்டு கடன் வாங்குகிறான். ஒன்று நேரம், இன்னொன்று தன் ராஜாவின் காவல். தற்காப்பு என்பது அந்தக் கடனை அவன் அடைக்கும் முன்பே வசூலிப்பது.

மொட்டை மாடியில் போட்ட பலகை

இப்போது என் அக்கா மகனின் ஆட்டம். பத்து வயது, ஓ.டி.யில், அதாவது முதுநகரில் இருக்கிறான். அவனுக்குக் கறுப்பு. தொடக்கம் எல்லாப் பிள்ளைகளும் ஆடும் இத்தாலியன்: இ4, இ5, குதிரை எஃப்3, குதிரை சி6, பிஷப் சி4, குதிரை எஃப்6, டி3, பிஷப் சி5. ஐந்தாவதாக வெள்ளை எச்3 ஆடினான். இவன் காஸ்லிங் செய்துகொண்டான். காஸ்லிங் என்றால் ராஜாவையும் யானையையும் ஒரே வாய்ப்பில் நகர்த்தி ராஜாவை ஓரத்தில் பத்திரமாக வைப்பது. பத்திரம் என்று நினைத்த மறு நிமிஷம் வெள்ளை ஜி4.

அடுத்து ஜி5 வந்தால் எஃப்6 குதிரை ஓட வேண்டும் என்று இவனுக்குத் தெரிந்தது. அதைத் தடுக்க எச்6 வைத்தான்.

"ஏன்டா எச்6?"

"அப்ப ஜி5 வந்தா வெட்டிடலாம்ல மாமா."

வெட்டலாம். வெட்டினான். வெள்ளை பிஷப்பால் திருப்பி வெட்டினான். பலகையில் அந்த இடத்தில் நிறுத்தி, "இப்ப ஜி வரிசையில வெள்ளைக்கு எந்தச் சிப்பாய் இருக்கு?" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல," என்றான். அதுதான் ஆபத்து. சிப்பாய் இல்லாத அந்த வரிசையில் வெள்ளை யானை ஜி1-க்கு வந்தால் நேரே இவன் ராஜாவின் வாசல். போதாக்குறைக்கு, ஜி5 பிஷப் எஃப்6 குதிரையைக் கட்டிப் போட்டுவிட்டது. குதிரை நகர்ந்தால் பின்னால் ராணி போகும்.

இதற்குத்தான் கொக்கி என்று பெயர். காஸ்லிங் செய்த ராஜாவுக்கு முன்னால் ஒரு படி ஏறி நிற்கும் சிப்பாய், எதிராளியின் சிப்பாய் மாட்டி இழுக்கக் கொக்கி போல இருக்கும். எச்7-இல் இருந்திருந்தால் ஜி5 வந்தும் மோத எதுவும் இல்லை. எச்6-க்கு வந்ததால் மோதல், வெட்டு, திறந்த வரிசை. ஓரத்தாக்குதல் நடத்துபவன் வேண்டுவதே அதைத்தான். கதவைத் தட்டுகிறவனுக்கு நாமே தாழ்ப்பாளைத் தள்ளிக் கொடுத்த மாதிரி.

எச்6-க்குப் பதிலாக டி6 என்று அடக்கமாக ஆடினால்? உடனே தோற்றுவிட மாட்டோம். ஆனால் ஜி5 வரும், குதிரை இடம் தேடும், வெள்ளை அவசரமில்லாமல் தாக்குதலைக் கட்டும். அவன் வாங்கிய கடனுக்கு நாமே தவணை நீட்டிக் கொடுத்தோம் என்று அர்த்தம்.

நடுவில் அடி: உள்ளே என்ன நடக்கிறது

சரியான பதில் டி5. டி7-இல் அசையாமல் இருந்த சிப்பாய் இரண்டு கட்டம் தாவுகிறது. இப்படி மையத்தில் சிப்பாயோடு சிப்பாயை மோதவிட்டு வழி திறப்பதை உடைப்பு என்போம்.

வெள்ளை இ4 சிப்பாயால் டி5-ஐ வெட்டுகிறான். கறுப்பு எஃப்6 குதிரையால் திருப்பி வெட்டுகிறது. இந்த இடத்தில் நான் பையனை நிறுத்தச் சொன்னேன், நீங்களும் நில்லுங்கள்.

"இப்ப வெள்ளை ஜி5 ஆடட்டும். யாரைக் குத்துது?"

பார்த்தான். சிரித்துவிட்டான். எஃப்6-இல் ஆளே இல்லை. குதிரை ஏற்கெனவே டி5-க்குப் போய் மையத்தில் உட்கார்ந்துவிட்டது. குத்த வந்த கத்தி காற்றைக் குத்துகிறது.

வெள்ளை ராஜா இன்னும் இ1-இல். இ வரிசையில் அவனுக்கு முன்னால் வெள்ளைச் சிப்பாய் இல்லை. கறுப்பு யானையை இ8-இல் வைத்து, இ5 சிப்பாயை இ4-க்குத் தள்ளினால், வெள்ளை அதை வெட்டியதும் யானை செக்கோடு உள்ளே இறங்கும். பயந்து வெள்ளை ராஜாப் பக்கம் காஸ்லிங் செய்யலாம் என்றால் அங்கே ஜி சிப்பாயும் எச் சிப்பாயும் ஏற்கெனவே வீட்டை விட்டுப் போய்விட்டன. ராணிப் பக்கம் செய்யலாம் என்றால் குதிரை, பிஷப், ராணி மூன்றையும் முதலில் நகர்த்த வேண்டும். மூன்று டெம்போ. எங்கே இருக்கிறது அத்தனை நேரம்?

இ5 சிப்பாயை ஓசியில் அடிக்கலாமே என்று ஒரு கேள்வி வரும். வெள்ளை குதிரையால் இ5-ஐ வெட்டினால் சி6 குதிரை அதை வெட்டும். அதன் பிறகு வெள்ளை பிஷப்பால் டி5 குதிரையை வெட்டினால் கறுப்பு ராணி வந்து பிஷப்பை வெட்டி, அங்கிருந்து எச்1 யானையையும் பார்க்கும். மொத்தத்தில் வெள்ளைக்கு ஒரு காய் நஷ்டம்.

கபடி பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. ரைடர் மூலைக்குள் ஆழமாக இறங்கினால், ஏழு பேரும் மூலையில் போய் ஒண்டுவதில்லை. கவர் ஆட்கள் அவன் திரும்பும் வழியை மறிக்கிறார்கள். நடுக்கோட்டுக்குப் போக முடியாத ரைடர் எவ்வளவு ஆழம் போனால் என்ன?

மையம் திறந்தால் மூன்று காரியம் ஒரே நேரத்தில் நடக்கிறது. தாக்கப்படும் காய் இடம் மாறிவிடும். தாக்கியவனின் ராஜா வெட்டவெளியில் நிற்கும். வெளியே அதிகக் காய் வைத்திருப்பவன் முதலில் வந்து சேர்வான். மந்திரம் ஒன்றுமில்லை, கடன் வசூல்தான்.

இந்தச் சூத்திரம் எப்போது பலிக்காது

மரத்தடியில் யாரும் சொல்லாத பாதி இது.

திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் தேர் வரும் நாளை நினைத்துப் பாருங்கள். தேர் நிற்கும் வீதியில் சைக்கிள்கூடப் போகாது. அன்றைக்குச் சந்து பொந்து தெரிந்தவன்தான் முதலில் வீடு சேர்வான். பலகையிலும் மையம் அப்படி அடைபடும். வெள்ளைச் சிப்பாய்கள் இ4, டி5-இலும், கறுப்புச் சிப்பாய்கள் இ5, டி6-இலும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றால் மையம் பூட்டியிருக்கிறது. உடைக்க அங்கே வழி இல்லை. அப்போது ஓரத்தாக்குதல் விளையாட்டுத்தனம் அல்ல, சரியான திட்டம்.

கிங்ஸ் இந்தியன் என்ற தற்காப்பில் இது அன்றாடம். 1953-இல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா நகரில் நடந்த போட்டியின் பெயரையே தாங்கி நிற்கும் கிளையில், கறுப்பு எஃப், ஜி சிப்பாய்களை வெள்ளை ராஜாவின் மேல் வரிசையாக ஏவும். வெள்ளை மையத்தில் ஒன்றும் செய்ய முடியாமல் மறு ஓரத்தில் சி வரிசையைத் திறக்க ஓடும். யார் முதலில் போய்ச் சேர்கிறார்கள் என்ற பந்தயம் அது.

இன்னொரு விதிவிலக்கு நம் பக்கத்திலேயே இருக்கிறது. நம் ராஜாவே இன்னும் மையத்தில் நின்றுகொண்டிருந்தால்? கதவைத் திறந்தால் காற்று இரண்டு பேர் வீட்டுக்கும்தான் வரும். எதிராளியைவிட நமக்குக் காய்கள் அதிகம் வெளியே இருக்கின்றனவா, நம் ராஜா அவனுடையதைவிடப் பத்திரமா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உடைக்க வேண்டும். விரல்விட்டு எண்ணினால் போதும், பெரிய கணக்கு இல்லை.

எச் சிப்பாய்க்கு வந்த வாழ்வு

2017 டிசம்பரில் ஆல்ஃபாஜீரோ என்ற கணினி நிரல் ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்னொரு செஸ் நிரலைத் தோற்கடித்த ஆட்டங்கள் வெளிவந்தன. அது எச் சிப்பாயைத் தயங்காமல் முன்னே தள்ளியது. பிறகு பெரிய ஆட்டக்காரர்களும் தள்ளினார்கள், வீடியோ பார்த்துப் பிள்ளைகளும் தள்ளுகிறார்கள். ஆனால் கணினி தள்ளியது காரணத்தோடு. பிள்ளைகள் தள்ளுவது பெரும்பாலும் வீடியோவின் முகப்புப் படத்தைப் பார்த்து.

காரணம் எதிரே நிற்கும் ஜி6 சிப்பாய். கறுப்பு ஜி6 வைத்து ஜி7-இல் பிஷப்பை உட்கார வைக்கும் அமைப்புக்கு ஃபியான்கெட்டோ என்று பெயர். நம் வரையறைப்படி ஜி6 ஒரு கொக்கி. எச்4, எச்5 என்று வந்து அதில் மாட்டினால் எச் வரிசை திறக்கும். 1958-இல் போர்டோரோஷில் பாபி ஃபிஷர் லார்சனை அந்த வரிசை வழியாகத்தான் தாக்கி வென்றார்.

இங்கே முதல் காவல் எஃப்6 குதிரை. அது இருக்கும்வரை எச்5-க்கு வரும் சிப்பாயை வெட்டலாம். வெள்ளை யானையால் குதிரையை வெட்டினால் ஜி6 சிப்பாய் யானையை வெட்டும். அதைத் தியாகம் என்று துணிந்து ஆடுபவர்கள் உண்டு, ஆனால் ஓசி இல்லை. ஆகவே அந்தக் குதிரையை அவசியமில்லாமல் அங்கிருந்து கிளப்பாதீர்கள். அடுத்து மையம்: வெள்ளை டி4, சி4 வைத்துவிட்டு மூன்றாவதாகவே எச்4 தள்ளினால், சி5 வைத்து டி4 சிப்பாயைச் சீண்டுவது நல்ல பதில்.

மையத்தில் வழியே இல்லையென்றால்தான் ஓரத்தில் பதில். எச்5 வைத்து முட்டுக்கட்டை போடலாம். சிப்பாய் நின்றுவிடும். விலையாக ஜி5 கட்டம் எதிராளியின் காய்க்கு நிரந்தர வாடகை வீடாகிவிடும். விரட்ட எஃப் சிப்பாயைத் தள்ளினால் நம் ராஜாவின் கூரை இன்னும் கொஞ்சம் பிரியும். இல்லையென்றால் எச்6 வைத்து, எச்5 வந்ததும் ஜி5 என்று பக்கத்தில் தாண்டி வரிசையை மூடலாம். ஜி5-ஐ எதிராளி பிஷப்பால் இலவசமாக அடிக்க முடியாது என்று உறுதி செய்துகொண்ட பிறகே.

"எச்6 தப்புன்னு நீங்கதானே சொன்னீங்க மாமா?" என்று பையன் மடக்கினான். நியாயமான கேள்வி. இத்தாலியனில் எச்6 வரிசையைத் திறந்தது, இங்கே மூடுகிறது. அதே நகர்வு, எதிர்மாறான வேலை.

ஓசிச் சிப்பாயைப் பார்த்து வாய் பிளக்க வேண்டாம்

முதல் நகர்விலேயே ஜி4 ஆடுபவர்களும் இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் ஹென்றி குரோப் பெயரில் குரோப் தொடக்கம் என்பார்கள். கறுப்பு டி5 வைத்ததும் சி8 பிஷப் ஜி4 சிப்பாயைப் பார்க்கும். வெள்ளை அதைக் காக்காமல் பிஷப்பை ஜி2-இல் வைப்பான். வெட்டத் தோன்றும். வெட்டினால் வெள்ளை சி4. அந்தச் சிப்பாயையும் டி5-ஆல் வெட்டினீர்கள் என்றால் ஜி2 பிஷப்புக்கு மூலைவிட்டம் முழுக்கத் திறந்து, பி7 சிப்பாயை அடித்து, ஏ8 யானையின் கழுத்தில் நிற்கும். முதலில் சி6 வைத்து டி5-ஐ இறுக்கிக்கொண்டால் மூலைவிட்டம் அடைபட்டுவிடும். ஜி4 எங்கும் ஓடிவிடாது.

போன ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் ஒரு போட்டி. இரண்டாவது சுற்றில் மறுபடி ஒரு பெண் குழந்தை இவனுக்கு எதிராக ஜி4 ஆடியிருக்கிறாள். இவன் டி5 வைத்தான். நல்ல நிலைமை வந்தது, அதை வைத்துக்கொண்டு இருபத்து மூன்றாவது நகர்வில் ராணியைச் சும்மா கொடுத்துத் தோற்றான். வெளியே வந்தபோது அழவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு கேட்டான்: "மாமா, நடுவுல பூட்டிட்டா நான் ஜி4 ஆடலாம்தானே?"

"ஆடலாம். முதல்ல பூட்டு."

செல்போனை வாங்கி, ரெட்டிச்சாவடி வருவதற்குள் யாரோ முகம் தெரியாத ஒருவனுக்கு எதிராக ஐந்தாவது நகர்விலேயே ஜி4 ஆடிவிட்டான். மையம் திறந்துதான் கிடந்தது.